கல்ச்சரில் கேட்கிற மருந்து, உடம்பில் ஏன் கேட்கவில்லை?

அடுத்த கேள்வி வேலந்தாவளத்திலிருந்து ஒரு அக்கா அனுப்பியது. அவருடைய அம்மாவுக்கு ஆறு மாதத்தில் மூன்று தடவை மூத்திரத் தொற்று. மாத்திரையை ஒவ்வொரு முறையும் முழுசாக முடித்திருக்கிறார். பாலக்காட்டில் எடுத்த கல்ச்சரில் (மூத்திரத்திலுள்ள கிருமியை லேப்பில் வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை) மூன்று தடவையும் அதே ஈ.கோலை கிருமி, அதே மருந்து கேட்கும் என்றுதான் வருகிறது. “லேப்பில் தப்பாகப் பார்க்கிறார்களா சார்?” என்று கேட்கிறார்.

லேப்பில் தப்பு இருக்க வேண்டியதில்லை அக்கா. உங்கள் பக்கத்து கடலைக்காட்டில் கோரை முளைக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். களைக்கொல்லி அடித்தால் மேலே பச்சையாக நிற்பது கருகிவிடும். மண்ணுக்குள் உறங்குகிற கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மழை பெய்தால் மறுபடி தளிர்விடும். அந்தத் தளிர் மேல் அதே மருந்தை அடித்தால் அதுவும் கருகும். மருந்தை எதிர்க்கும் சக்தி கோரைக்கு வந்துவிடவில்லை, அடித்த அன்று அது வளராமல் கிடந்தது, அவ்வளவுதான்.

கிருமியிலும் இதேதான். பென்சிலின் வகை மருந்துகள், கிருமி தன் சுவரைக் கட்டும் வேலையைக் கெடுத்துத்தான் கொல்கின்றன. உணவு குறைந்து வளர்ச்சியை நிறுத்திய கிருமி சுவரே கட்டாது, அப்புறம் எதைக் கெடுப்பது? 1944-இல் ஜோசப் பிக்கர் என்பவர் இதைக் கண்டார். பென்சிலின் போட்ட ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமியில் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் பிழைத்தது. பிழைத்ததை வளர்த்து மறுபடி பென்சிலின் போட்டால், பெரும்பாலானவை பழையபடியே செத்தன.

லேப் தட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாட்டிறைச்சிச் சாறும் பால் புரதமும் மாவும் கலந்த ஊட்டம், 35 டிகிரிச் சூடு. கிருமி மும்முரமாக வளரும். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் மருந்து வில்லையைச் சுற்றி கிருமி வளராமல் வட்டமாகத் தெளிந்திருக்கும். அது உண்மை. ஆனால் சிறுநீர்ப்பையின் உட்சுவரில் ஒளிந்து, மெதுவாக வாழும் கிருமியின் கதை அந்தத் தட்டில் தெரியாது.

ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து இன்னொரு விதம். கிருமி சுவாசித்துச் சக்தி எடுத்தால்தான் அந்த மருந்து உள்ளே போகும். 2011-இல் அமெரிக்காவில் எலிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். மானிட்டால் என்ற சர்க்கரை வகையைச் சேர்த்துக் கொடுத்ததும், அசையாமல் கிடந்த கிருமி உயிர்ப்பு பெற்றது, ஜென்டாமைசினை உள்ளே இழுத்துச் செத்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. உடனே அம்மாவுக்குச் சர்க்கரை கொடுத்துவிடாதீர்கள், அது எலியில் செய்த வேலை.

பசி எல்லாக் கிருமியையும் உறங்க வைப்பதில்லை. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) கிருமி இரும்பு குறைந்தால்தான் நஞ்சையே சுரக்கும். நம் உடம்பு இரும்பைப் புரதங்களில் கட்டி வைத்திருப்பதால், இரும்பு கிடைக்காத இடம் என்றாலே அதற்கு மனித உடம்பு.

சரி, அம்மா விஷயம். குடலிலிருந்து புதிதாக வந்த தொற்றாகவும் இருக்கலாம். மூன்று ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். கல் இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, பையில் மூத்திரம் தங்குகிறதா என்று ஒரு ஸ்கேனும் ரத்தமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டாம்.