கழிப்பறைக்குப் போக எதற்கு அனுமதி?

அவைத் தலைவர் அவர்களே, நான் சொல்ல வந்ததில் பாதியை எனக்கு முன்பே சொல்லிவிட்ட மருத்துவர் அவர்களே, என்னையும் நம்பி மேடையேற்றிய செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர்களே (உங்களிடம் எனக்குத் தனியாக வேலை இருக்கிறது, எழுந்து போய்விடாதீர்கள்), பெற்றோர்களே, வணக்கம்.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். நான் திருகுவலி வீட்டுக்காரன். என் மகனுக்கு ஒன்பது வயதில் குரோன் நோய் என்று கண்டுபிடித்தார்கள். எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்கும் நோய். வயிற்றுவலி, பேதி, சில பிள்ளைகளுக்கு ரத்தப்போக்கு. எடை ஏறாது, உயரமும் கூடாது.

கொரோனா காலத்தில் நாங்கள் கற்றதை மருந்து, உணவு, தடுப்பூசி என்று மூன்றாகச் சொல்கிறேன்.

முதலில் மருந்து. 2020 மார்ச் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது. அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. எதிர்ப்பாற்றலை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை எட்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பிள்ளை! நிறுத்திவிடலாமா என்று கேட்டோம். கூடாது என்றார் மருத்துவர். அந்த மாதமே, இப்படிக் குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்குக் கொரோனா வந்தால் என்ன ஆகிறது என்று குறித்து வைக்க, செக்யூர் ஐபிடி என்று உலகளாவிய பதிவேடு ஒன்று தொடங்கினார்கள். குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தொற்று லேசாகவே வந்து போனதும், நாங்கள் பயந்த மருந்து கொரோனாவை முற்ற வைக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. தீவிரம் கூடியது ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம்தான். பயந்து மருந்தை நிறுத்தினால் குடல் சீறும். சீறினால் அதை அடக்க ஸ்டீராய்டு. இப்படி ஒரு வட்டம்.

உணவு என்றேன். குரோன் பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேறெதுவும் தராமல் ஊட்டச்சத்துப் பானம் மட்டுமே கொடுத்து, ஸ்டீராய்டு இல்லாமலே அழற்சியைத் தணிக்க முடியும். வீட்டில் பிள்ளை முன்னால் நாம் எப்படிச் சாப்பிடுவது என்பது தனிப் பேச்சு.

சரி, ஒரு கதை சொல்கிறேன். ஊரடங்கில் என் மகன் ஒரு விஷயத்தில் மகிழ்ச்சியாக இருந்தான். கழிப்பறை பத்தடியில், யாரையும் கேட்க வேண்டாம். ஒருநாள் இணைய வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு ஓடினான். ஆசிரியர் அவன் பெயரைச் சொல்லி அழைத்தார். பதிலில்லை. மறுபடி அழைத்தார். பக்கத்தில் அவன் தங்கை, ஐந்து வயது. அண்ணனுக்கு உதவுவதாக நினைத்து மைக்கை அமுக்கி, "அண்ணன் கக்கூஸ்ல இருக்கான் மிஸ், காலையிலேர்ந்து ஆறாவது தடவை!" என்றாள். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நீங்களும் சிரிக்கிறீர்கள், நானும் அன்று அடுத்த அறையில் சிரித்தேன். அவன் திரும்பி வந்து திரையைப் பார்த்தான், மூடினான். நான்கு நாள் வகுப்புக்கு வரவில்லை.

அப்புறம் பள்ளி திறந்தது. இரண்டாவது வாரமே, "இடைவேளை வரை பொறு" என்றார் ஓர் ஆசிரியர். பொறுத்தான். முடியவில்லை. மாற்றுச் சட்டையோடு போய் அழைத்து வந்தேன். தலைவலியும் திருகுவலியும்... மீதியை நீங்களே சொல்லுங்கள்.

தலைமையாசிரியர்களே, இதற்குத்தான் உங்களை உட்கார வைத்தேன். நாள்பட்ட குடல் நோயுள்ள பிள்ளைக்கு ஓர் அட்டை கொடுங்கள். அதை மேசையில் வைத்துவிட்டு அவன் எழுந்து போகட்டும். கையைத் தூக்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். கழிப்பறையைப் பூட்டி வைக்காதீர்கள். தொற்றுக்குப் பயந்து வாசலில் சோப்பு வைத்தோமே, அது இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தடுப்பூசி பற்றி மருத்துவர் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார். அட்டைக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன்.