புது ப்ராசசர் ஏன் பாதி வேகத்தில் ஓடுகிறது?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கம்ப்யூட்டர் பழுதுபார்த்து வரும் நான், கடைக்கு அடிக்கடி வருகிற ஒரே ஒரு புகாரைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசரைப் புதிதாக மாற்றியிருக்கிறோம், அதன்மேல் போட்டிருக்கும் வேகம் வரவில்லை என்பதுதான் அந்தப் புகார். தமிழில் இதைச் செயலி என்பார்கள். ஆனால் ஃபோனில் இறக்கிக்கொள்ளும் ஆப்பையும் இப்போது செயலி என்றே சொல்வதால், குழப்பம் வேண்டாமென்று ப்ராசசர் என்றே சொல்கிறேன்.

சென்ற சித்திரையில் காவேரிப்பட்டணத்தில் டி.டி.பி. மையம் நடத்தும் தம்பி ஒருவர் தன் சி.பி.யூ. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வைகாசி முகூர்த்தத்துக்கான திருமணப் பத்திரிகைகள் குவிந்திருந்த நேரம். பழைய ஐ3-2100 ப்ராசசர் தாங்கவில்லை என்று பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய், பயன்படுத்திய ஐ7-3770 ஒன்றை வாங்கிவந்து, பாகங்கள் எல்லாம் பொருந்தும் பலகையான தன் எச்61 மதர்போர்டில் தானே மாட்டியிருந்தார். 3.4 கிகாஹெர்ட்ஸ் வர வேண்டிய ப்ராசசர் டாஸ்க் மேனேஜரில் 1.6 என்றே காட்டியது. "அண்ணா, நல்லா ஏமாந்துட்டேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே வருத்தமாக இருந்தது.

அவர் ஏமாறவில்லை. ப்ராசசரின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். ப்ராசசர் அதை 34 மடங்காக்கினால் 3400 மெகாஹெர்ட்ஸ், அதாவது 3.4 கிகாஹெர்ட்ஸ். வேலை எதுவும் இல்லாதபோது மின்சாரத்தையும் சூட்டையும் குறைப்பதற்காக அந்த மடங்கை அது தானாகவே 16-க்கு இறக்கிக்கொள்ளும். அந்த 1.6 பழுதே அல்ல. எனவே சும்மா இருக்கும் கம்ப்யூட்டரில் வேகம் பார்க்கக் கூடாது. செவன்ஸிப் மென்பொருளில் உள்ள பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனை போல, ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்கள் எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்கும் ஒன்றை ஓடவிட்டு, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருளில் வெப்பத்தையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதால்தான் நல்ல ப்ராசசர்கள் பல திரும்பிப் போகின்றன.

அப்படி ஓடவிட்டபோதுதான் உண்மையான பழுது வெளிப்பட்டது. வேலை கூடும்போது 3.4-ஐயும் தாண்டித் தானாக எடுக்கும் டர்போ வேகத்தில் அது 3.7 வரை ஏறியது. அரை நிமிடத்துக்குள் வெப்பம் நூறு டிகிரியை ஒட்டிப் போனது. உடனே வேகம் 1.6-க்கு விழுந்தது, சற்று ஆறியதும் மீண்டும் ஏறி மீண்டும் விழுந்தது. அளவுக்கு மீறிச் சுட்டால் தன்னைக் காத்துக்கொள்ள ப்ராசசரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ப்ராசசரைக் குளிரவைக்கும் கூலரைக் கழற்றிப் பார்த்தேன். ப்ராசசரின் மேல், சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஒரு மூலையில் காகிதம்போல மெலிதாகவும், எதிர்மூலையில் அவர் வைத்த பொட்டு நசுங்காமல் வைத்தபடியேயும் இருந்தது. போர்டைத் திருப்பினால் காரணம் கண்ணுக்கே தெரிந்தது: கூலரின் நான்கு பின்களில் மூன்றின் வெள்ளைக் கால்கள் துளைக்கு அப்பால் விரிந்து பிடித்திருந்தன, நான்காவது துளைக்குள் பாதி நுழைந்து நின்றுவிட்டது. பின்களை எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும், ஒவ்வொன்றும் டக்கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும், பிறகு பின்பக்கம் விரலால் தடவியும் பார்க்க வேண்டும். பழைய பேஸ்டைத் துடைத்து, புதிது வைத்து, நான்கையும் சரியாகப் பூட்டியபின், அதே சோதனையில் அரை மணி நேரம் 3.7-இல் அசையாமல் நின்றது.

எல்லாச் சமயத்திலும் குற்றம் கூலருடையதாக இருப்பதில்லை. வெப்பம் அறுபது, அறுபத்தைந்திலேயே இருக்க, வேகம் மட்டும் விழுந்தால், ப்ராசசருக்கு மின்சாரம் தரும் மதர்போர்டுப் பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். விலை குறைந்த சில போர்டுகளில் அந்தப் பகுதிக்குச் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்கே இருக்காது. 65 வாட் ஐ3-க்குப் போதுமாக இருந்தது 77 வாட் ஐ7-க்குத் திணறும். அங்கே காற்றுப் படும்படி சிறிய ஃபேன் ஒன்று வைத்தாலே பல நேரங்களில் சரியாகிவிடும். கிரானைட் பட்டறை அலுவலகங்களிலிருந்து வரும் சி.பி.யூ.க்களில் கூலரின் தகடுகளுக்கு இடையே சாம்பல் நிறத் தூசி அடைபோலப் படிந்திருக்கும். அவற்றைச் சுத்தம் செய்யாமல் வேறு எதையும் ஆராய்வது வீண். விண்டோஸ் பவர் ஆப்ஷனில் ப்ராசசரின் உச்ச அளவு 100 சதவீதமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 99 என்று வைத்தாலே டர்போ வேகம் வராது.

ஒரே சீரான குறைந்த வேகம், வேலை கொடுத்தாலும் ஏறாத வேகம், வேறு வகை. தொழில் பழகிய நாளில் இதை எனக்குக் கற்றுத்தந்தது 2003-இல் வந்த அத்லான் எக்ஸ்பி 2500+ என்ற ப்ராசசர். பெயரில் உள்ள அந்த 2500, மெகாஹெர்ட்ஸ் கணக்கே அல்ல. அதன் உண்மை வேகம் 166 பெருக்கல் 11, ஏறத்தாழ 1833. போர்டின் துடிப்பு 100-இல் இருந்துவிட்டால் 1100-தான் வரும். போர்டில் உள்ள ஜம்பர் என்ற சிறு இணைப்பையோ, கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்புகளைக் கவனிக்கும் பயாஸையோ மாற்றினால் போதும். மாற்றியும் அடுத்த நாள் பழைய எண்ணே வந்தால், போர்டில் உள்ள 3 வோல்ட் வட்ட செல் தீர்ந்திருக்கும். பயாஸ் தன் அமைப்புகளை மறந்து மீண்டும் தொடக்க நிலைக்குப் போயிருக்கும். இன்றைய போர்டுகள் மடங்கைத் தாமே அறிந்துகொள்வதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

பயன்படுத்திய ப்ராசசருக்கு விற்பவர்கள் தரும் சோதனைக் காலம் பெரும்பாலும் சில நாட்கள்தான். ஆகவே மாட்டிய அன்றே, முடிந்தால் மத்தியான வெயிலில் அறை சூடாக இருக்கும் வேளையில், அரை மணி நேரம் முழு வேலை கொடுத்து வேகத்தையும் வெப்பத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு வருபவரின் பழுதை என்னைப் போன்றவர்கள் பாதி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவோம். நன்றி, வணக்கம்.