ஒரு எஃப்-14, இரண்டு அறிக்கைகள்

(திரையில்: கப்பல் தளத்துக் கேமரா பதிவு செய்த காட்சி. ஒலி இல்லை.)

வணக்கம். 1994 அக்டோபர் 25. சான் டியாகோ கரைக்கு அப்பால், பசிபிக் கடலில் ஆபிரகாம் லிங்கன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல். அதில் இறங்க வருகிற எஃப்-14 போர் விமானம் நடுக்கோட்டைத் தாண்டிச் சற்று விலகிவிடுகிறது. அதைச் சரிசெய்ய விமானி மூக்கை இடப்பக்கம் திருப்புகிறார். அப்படித் திருப்பியதில் இட எஞ்சினுக்குப் போக வேண்டிய காற்று குலைந்து, எஞ்சின் உந்துவிசையை இழக்கிறது.

இறங்காதே, மேலே போ என்று தளத்திலிருந்து கட்டளை வருகிறது. விமானி வல எஞ்சினை முழு வேகத்துக்குக் கொண்டுபோகிறார். எஃப்-14-இன் இரு எஞ்சின்களும் ஒன்றைவிட்டு ஒன்று நன்றாகத் தள்ளி அமைந்தவை. இரட்டை மாட்டு வண்டியை ஒற்றை மாடு இழுத்தால் வண்டி எந்தப் பக்கம் திரும்புமோ, விமானமும் அந்தப் பக்கமே திரும்பும். மூக்கு தூக்கியிருக்க, வேகம் குறைய, விமானம் இடப்பக்கமாக உருள்கிறது.

பின் இருக்கை அதிகாரி அவசர வெளியேற்றத்தை இயக்குகிறார். இருக்கைகள் ஒன்றோடொன்று மோதாதிருக்க, பின் இருக்கை முதலில் போகும், முன் இருக்கை 0.4 விநாடி கழித்துப் போகும். அந்த 0.4 விநாடிக்குள் விமானம் 90 பாகைக்கும் மேல் சாய்ந்துவிட்டது. பின்னால் இருந்தவர் பிழைத்தார். முன்னால் இருந்த விமானியை இருக்கை நேராகக் கடலுக்குள் வீசியது.

(திரையில்: லெப்டினன்ட் காரா ஹல்ட்கிரீன், 1965–1994)

அந்தப் பெண் விமானி காரா ஹல்ட்கிரீன், வயது 29. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் விண்வெளிப் பொறியியல் படித்தவர். நல்ல உயரம், அதனால் தோழர்கள் முதலில் வைத்த பட்டப்பெயர் ஹல்க். ஒருமுறை தொலைக்காட்சிப் பேட்டிக்கு ஒப்பனையோடு வந்தார் என்று அதை ரெவ்லான் என மாற்றினார்கள்.

பெண்கள் போர் விமானம் ஓட்டுவதற்கு இருந்த தடையைப் பாதுகாப்புச் செயலர் லெஸ் ஆஸ்பின் நீக்கியது 1993 ஏப்ரலில்தான். அதற்கு முன்பே, 1991-இல் லாஸ் வேகாஸில் நடந்த, கடற்படை விமானிகளின் டெயில்ஹுக் மாநாட்டில் பெண்கள் பாலியல் தாக்குதலுக்கு உள்ளான விவகாரத்தில் கடற்படையின் மானம் கப்பலேறியிருந்தது. பெண் விமானிகளை விரைந்து முன்னுக்குக் கொண்டுவர வேண்டிய நெருக்கடி மேலதிகாரிகளுக்கு இருந்தது. இதையும் மறைக்க வேண்டியதில்லை.

விபத்து நடந்து சில நாள்களுக்குள்ளேயே பெயரில்லாத ஃபேக்ஸ்களும் செய்திகளும் பறக்கத் தொடங்கின. தகுதியில்லாதவர், பெண் என்பதால் தேர்ச்சி கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் அவற்றின் சாரம். அவர் உடல் அப்போது கடலடியில் கிடந்தது. 19 நாள்கள் கழித்துத்தான், இருக்கையோடு கட்டப்பட்ட நிலையிலேயே மீட்டார்கள்.

குடும்பம் அவருடைய பயிற்சி மதிப்பெண்களை வெளியிட்டது. எஃப்-14 பயிற்சி வகுப்பில் எழுவரில் மூன்றாமவர். உண்மை. விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் தேர்வில் முதல் முறை தேறவில்லை, இரண்டாம் முறைதான் தேறினார். அதுவும் உண்மை. ஆண் விமானிகளிலும் முதல் முறை தேறாதவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் தேர்வுத் தாளை நாடு முழுதும் உட்கார்ந்து திருத்துவதில்லை.

இனி அறிக்கைகளுக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் முக்கியமான இடம் இதுதான்.

அமெரிக்கக் கடற்படையில் விமானம் விழுந்தால் இரண்டு விசாரணைகள் தனித்தனியே நடக்கும். ஒன்று சட்டப் பிரிவினுடையது, அதை வெளியிடலாம். மற்றொன்று பாதுகாப்பு விசாரணை. அதில் பேசுகிறவர்களின் வாக்குமூலம் அவர்களுக்கே எதிராகத் திரும்பாது என்று உறுதி கொடுத்துவிட்டுத்தான் கேட்பார்கள். ஆகவே அது ரகசியம்.

1995 பிப்ரவரியில் கடற்படை சட்டப் பிரிவின் அறிக்கையை முன்வைத்து, எஞ்சின் கோளாறுதான் காரணம் என்றது. இதே நிலைமையைச் சிமுலேட்டரில் ஒன்பது விமானிகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம், எட்டுப் பேர் விழுந்தார்கள் என்றும் சொன்னது. சில வாரங்களில் ரகசிய அறிக்கை கசிந்தது. அதில் விமானியின் பிழையும் சொல்லப்பட்டிருந்தது. அவ்வளவுதான், ஃபேக்ஸ் அனுப்பியவர்கள் கொண்டாடிவிட்டார்கள்.

இரண்டு அறிக்கைகளுக்கும் உண்மையில் பெரிய முரண்பாடு இல்லை. கோட்டைத் தாண்டியது பிழை. திருத்திய விதமும் பிழை. ஆனால் அந்தப் பிழைக்கு மரண தண்டனை கொடுத்தது டிஎஃப்-30 எஞ்சின். காற்று சற்றுக் குலைந்தாலே அது மூச்சடைத்துப்போகும் என்பது விமானிகள் எல்லோருக்கும் தெரியும். 1980-களில் கடற்படைச் செயலராக இருந்த ஜான் லேமன், எஃப்-14-க்கு இந்த எஞ்சின் பொருந்தவே இல்லை என்று அமெரிக்க காங்கிரஸிலேயே சொன்னார். பின்னால் வந்த வகைகளுக்கு வேறு எஞ்சின் பொருத்தினார்கள். ஹல்ட்கிரீனின் விமானம் பழைய வகை.

இவ்வளவையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம். விமானி தவறினார், எஞ்சின் மன்னிக்கவில்லை என்று. கடற்படையோ அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பாதியை மட்டும் சொன்னது. மற்ற பாதி கசிந்தபோது, ஹல்ட்கிரீன் உயிரோடு இருந்திருந்தால் அவரே ஒப்புக்கொண்டிருக்கக்கூடிய ஒரு சாதாரணப் பிழை, பெண்கள் எல்லோர் மீதும் சுமத்தும் குற்றப்பத்திரிகையாகிவிட்டது.

1995 ஏப்ரலில் எலெய்ன் டானலி என்ற, பெண்களைப் போர்ப்பணிக்கு எடுப்பதை எதிர்த்த விமர்சகர், கசிந்த பயிற்சிப் பதிவுகளை வைத்து, பெண்களுக்குத் தனி அளவுகோல் என்று அறிக்கை வெளியிட்டார். அதில் குறிவைக்கப்பட்ட மற்றொரு பெண் விமானி அவதூறு வழக்குத் தொடுத்துத் தோற்றார். நீங்கள் பொதுவாழ்வுப் பிரமுகர், ஆகவே பொய் என்று தெரிந்தே, அல்லது உண்மையா என்று பொருட்படுத்தாமலே சொன்னார்கள் என்பதை நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மேல்முறையீடும் 2003-இல் தள்ளுபடியானது. போர் விமானம் ஓட்ட முன்வந்ததாலேயே பிரமுகராகிவிட்டார்!

(திரையில்: வாஷிங்டன், பொட்டோமாக் ஆறு. 2025 ஜனவரி 29.)

முப்பது ஆண்டுகள் கழித்து இதே நாடகம் மறுபடி அரங்கேறியது. ரீகன் விமான நிலையத்தருகே ராணுவ பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் பயணிகள் விமானமும் மோதி 67 பேர் இறந்தார்கள். மறுநாளே அதிபர் டிரம்ப், பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் பணியில் இடம் தரும் பன்முகத்தன்மைக் கொள்கையைக் காரணமாகச் சுட்டினார். சம்பந்தமே இல்லாத ஒரு திருநங்கை விமானிதான் ஹெலிகாப்டரை ஓட்டினார் என்று வதந்தி பரவ, தான் உயிரோடு இருப்பதைக் காட்ட அவர் வீடியோ வெளியிட வேண்டியதாயிற்று. உண்மையில் அதை ஓட்டிய பெண் விமானியின் பெயர் தெரிந்ததும், அவருக்கு இருந்த சுமார் 450 மணி நேர அனுபவம் விவாதப் பொருளானது.

அந்த ஹெலிகாப்டரில் இருந்த மூவரில் இருவர் ஆண்கள். அவர்களில் ஒருவர் அவரைச் சோதிக்கவே உடன் வந்த பயிற்றுநர். ஏறத்தாழ இரு மடங்கு அனுபவம் உள்ளவர். அவருடைய மணிக்கணக்கை யாரும் இழுக்கவில்லை.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தோண்டியபோது வந்தது வேறு. அந்த இடத்தில் ஹெலிகாப்டருக்கு அனுமதித்த உயரம் 200 அடி. மோதியது சுமார் 280 அடியில். ஆனால் எல்லோரும் விதியை அப்படியே கடைப்பிடித்தாலும், 33-ஆம் எண் ஓடுபாதைக்கு இறங்கும் விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் நடுவே 75 அடி மட்டுமே மிஞ்சக்கூடிய வழித்தடம் அது. அதே வகை ஹெலிகாப்டர்களின் உயரமானிகள் 80 முதல் 130 அடி வரை பிசகியதைச் சோதனைப் பறத்தல்கள் காட்டின. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை ஹெலிகாப்டரும் விமானமும் நெருங்கிப்போன நிகழ்வுகள் 15,214. இந்த எண்ணிக்கை விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் ஏற்கெனவே இருந்த தரவுகளிலிருந்து கிடைத்ததுதான். 2025 மார்ச்சில் வாரியத்தின் அவசரப் பரிந்துரை வந்த பிறகே வழித்தடத்தின் அந்தப் பகுதியை நிரந்தரமாக மூடினார்கள்.