நாளிதழும் ஆங்கிலச் சொல்வளமும்

அவைத் தலைவர் அவர்களே, நூலக வாசகர் குழுவின் செயலாளர் அவர்களே, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே சொல்லிவிட்ட பேராசிரியர் அவர்களே, முன்வரிசைக்கு வர மறுக்கும் மாணவ நண்பர்களே, வணக்கம். கூட்டத்தை உரிய நேரத்தில் தொடங்கிய தலைவருக்குத் தனி நன்றி. அது அபூர்வம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: எந்தச் சொல்லைப் பிடிப்பது, எப்படிக் குறித்து வைப்பது, எங்கே உட்கார்ந்து படிப்பது. மூன்றுக்கும் ஒரே பழமொழிதான்: அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் ஆங்கில நாளிதழை விரித்தால், தெரியாத சொல்லுக்கெல்லாம் சிவப்புக் கோடு போடுவார். தலையங்கம் முடிவதற்குள் தாளே சிவந்துவிடும். மாலையில் கேட்டால் ஒரு சொல்லும் நினைவில் இராது. "வேறு அகராதி வாங்கட்டுமா ஐயா?" என்றார். அகராதி என்ன பாவம் செய்தது! "ஒரே ஒரு வழக்குச் செய்தியைப் பிடி, தீர்ப்பு வரும்வரை விடாதே" என்றேன். முதல் நாள் 'பெட்டிஷன்', 'அஃபிடவிட்', 'அட்ஜர்ன்' எல்லாம் அவரை மிரட்டின. வாரக்கணக்கில் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒத்திவைப்பைக் குறிக்கும் 'அட்ஜர்ன்' எத்தனை முறை வந்திருக்கும் என்பது நீதிமன்றப் படியேறியவர்களுக்குத் தெரியும். தீர்ப்பு இன்னும் வரவில்லை. அவர் அகராதியைத் தேடுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்.

ஒரே பொருளைப் பற்றித் தொடர்ந்து படிக்கும் இந்த வழியைத்தான் மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 'குறுகிய வாசிப்பு' என்று பரிந்துரைத்தார். அடிக்கடி வரும் 2,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்தால், நாளிதழில் வரும் சொற்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு பிடிபடும் என்பது சொல்வள ஆய்வாளர் பால் நேஷனின் கணக்கு. பிறர் துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 வரை வேண்டுமாம். நடுவில் கிடக்கும் தூரத்தை மனப்பாடத்தால் மட்டும் கடக்க முடியுமா? அடிமேல் அடிதான்.

குறிப்பேட்டைப் பற்றி... செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், அது வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள். அவ்வளவே.

எங்கே படிப்பது? நான் இந்த மேடைக்கு வந்ததே இதற்காகத்தான். தொடர்செய்தியைப் பின்பற்ற நேற்றைய இதழும் வேண்டும், போன வாரத்து இதழும் வேண்டும். நூலகங்களோ அவற்றைக் கட்டிப் பூட்டி வைக்கின்றன. வாசிப்பறை திறக்கும் நேரத்தில் மாணவர் வகுப்பில் இருக்கிறார். அதிகாலையிலேயே அறையைத் திறக்க வேண்டும். மூன்று மாத இதழ்களைக் கைக்கெட்டும் அடுக்கில் வைக்க வேண்டும். இதைக் கேட்டு ஒரு மனு எழுதி வாசலருகே மேசையில் வைத்திருக்கிறோம். பேனாவும் இருக்கிறது. முதல் கையெழுத்துக்கான இடத்தைத் தலைவர் அவர்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம்.