லாபம், ரெண்டு, மூணு

வணக்கம். கலைஞர் கருணாநிதியின் சட்டமன்ற வாழ்க்கையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 13 தேர்தல், 7 தொகுதி, தோல்வி ஒன்றுகூடக் கிடையாது. முதலமைச்சர் கருணாநிதியைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் எம்.எல்.ஏ. கருணாநிதியை மட்டும் பார்க்கப்போகிறேன்.

1957, குளித்தலை. அவருக்கு அப்போது 33 வயது நிறையவில்லை. தி.மு.க. சந்தித்த முதல் பொதுத்தேர்தல் அது. அண்ணாவையும் சேர்த்து 15 பேர் உள்ளே போனார்கள். முதல் பேச்சு என்றால் நாடு, மொழி, கொள்கை என்று பெரிதாக எடுப்பார்கள் இல்லையா? அதுவும் மேடையில் பெயர் வாங்கியவர். இவர் எடுத்தது தன் தொகுதியிலிருந்த நங்கவரம் விவசாயிகளின் 'கையேறு வாரம்' என்ற சாகுபடி முறைப் பிரச்சினையை.

வாரம் என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கள் தாத்தா வாரத்துக்கு உழுதவர். நிலம் பண்ணையாருடையது, உழைப்பு இவருடையது, விளைச்சலில் பங்கு. களத்தில் நெல்லைக் குவித்ததும் சாணிப்பால் தெளித்துக் குறி வைத்துவிடுவார்கள். கணக்குப்பிள்ளை வரும்வரை ஒரு கைப்பிடி எடுக்க முடியாது. அவர் வந்து மரக்காலால் அளப்பார். ஒன்று என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்றுதான் தொடங்குவார். லாபம், ரெண்டு, மூணு... யாருக்கு லாபம் என்று தாத்தா கேட்டதில்லை. கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் இருக்காது.

அந்தக் களத்துமேட்டுக் கணக்கைத்தான் புது உறுப்பினர் கோட்டைக்குக் கொண்டுபோனார். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: எம்.எல்.ஏ.வை அவர் முதலில் எந்த ஊர்ப் பெயரைச் சபையில் சொன்னார் என்பதை வைத்துப் பாருங்கள். கொள்கை பேச ஆள் கிடைப்பார்கள். நங்கவரத்தைச் சொல்ல குளித்தலை உறுப்பினரை விட்டால் யார்?

சரி, அதற்கப்புறம் தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர் என்று தொகுதி மாறிக்கொண்டே போனார். ஒரே தொகுதியில் வேர்விட்டவர்களைத்தான் எனக்குப் பொதுவாகப் பிடிக்கும். இதில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 1991இல் சென்னை துறைமுகம் தொகுதியைப் பாருங்கள். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு வந்த அலையில் கட்சியே கரைந்துபோனது. இவர் 890 வாக்கில் கரையேறினார். ஏறியவர் அந்தப் பதவியையும் ராஜினாமா செய்துவிட்டார்!

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, நேரம் முடிகிறது என்று விரலைக் காட்டுகிறார்கள். சட்டசபையில் பட்டியலில் இல்லாத அவசர விஷயத்தைப் பேச 'நேரமில்லா நேரம்' என்று ஒன்று உண்டு, இங்கே அந்தச் சலுகை இல்லை போலிருக்கிறது. 1984இல், சட்டசபையோடு அப்போது இருந்த இன்னொரு அவையான மேலவைக்குப் போனார், 1986இல் அந்த மேலவையையே ஒழித்துவிட்டார்கள். அது பெரிய கதை, இன்னொரு நாள். திருவாரூரை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2011இல்தான் பிறந்த மண்ணில் முதன்முதலாக நின்றார். 2016இல் 91 வயதில் மறுபடி, 68,366 வாக்கு வித்தியாசம். 2018 ஆகஸ்ட் 7 அன்று இறக்கும்போதும் அவர் திருவாரூர் எம்.எல்.ஏ.தான். வணக்கம்.