வெளியே அடிக்கடி, உள்ளே எப்போதாவது

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காரலாம், முதல் வரிசை வழக்கம்போல் காலியாகத்தான் இருக்கிறது.

உடம்பை வெளியேயும் உள்ளேயும் சுத்தமாக வைத்துக்கொள்வது பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. நான் வைத்தியர் இல்லை. வீட்டில் செய்து பார்த்தது, செய்து பட்டது, கொஞ்சம் படித்தது, இவ்வளவுதான் என் கைவசம்.

சித்த மருத்துவத்தில் பேர்போன சித்தர் தேரையர். அவர் பேரில் வழங்கும், நோய் அண்டாமல் இருக்க வழி சொல்லும் நோயணுகா விதிப் பாடல்களில் ஒரு கணக்கு வருகிறது. எண்ணெய் முழுக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை. மூக்கில் மருந்துவிடும் நசியம் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை. பேதி மருந்து நான்கு மாதத்துக்கு ஒருமுறை. வாந்தி மருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பல வருஷம் இதை வெறும் பட்டியலாகத்தான் படித்தேன். ஒரு நாள் வரிசை மாற்றி எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: தோல் என்றால் அடிக்கடி, உள்ளே போகப்போக எப்போதாவது.

இன்றைக்கு நாம் செய்வது இதற்கு நேர் தலைகீழ். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது தீபாவளிக்கு மட்டும். குடலைக் கழுவும் சாறும் பொடியும் தினம் காலையில். 'டீடாக்ஸ்', அதாவது நஞ்சு நீக்கம், என்று பெயர் வேறு. நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, வேண்டியதைத் திருப்பி உள்ளே அனுப்பிவிட்டு, ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே விடுகின்றன. அந்த வேலைக்கு ஒரு டம்ளர் பச்சைச் சாறு என்ன ஒத்தாசை செய்துவிடும்? பேதி மருந்தை யாரும் தாமாக எடுக்க வேண்டாம். முக்கியமாகக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள். நீரும் உப்பும் இறங்கினால் ஆளே சாய்ந்துவிடுவார். தேவையா இல்லையா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

சரி, எண்ணெய் முழுக்குக்கு வருவோம். ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று வீட்டில் சொல்வார்களே, எண்ணிப் பாருங்கள். புதன், வியாழன், வெள்ளி, சனி. நான்காவது நாள். கிழமைக்குள்ளே தேரையர் கணக்கு ஒளிந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எப்படிச் செய்வது? நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி, கிண்ணத்தை வெந்நீரில் வையுங்கள். அடுப்பில் நேராக வைத்தால் சூடு கை மீறும். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, இதமாக இருந்தால் உச்சியில் ஆரம்பியுங்கள். பிறகு காது மடல், கழுத்து, தோள். முழங்காலிலும் குதிகாலிலும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், வறட்சி அங்கேதான் குடியிருக்கும். அரை மணி ஊறினால் போதும். அப்புறம் வெந்நீரும் சீயக்காயும். சோப்பு காரம், சீயக்காய் லேசான புளிப்பு. நம் தோலும் இயல்பில் லேசான புளிப்புத் தன்மை உடையதுதான். சீயக்காயில் இருக்கிற சபோனின் என்ற நுரைக்கும் பொருள் எண்ணெயைப் பிடித்து இழுக்கும், ஆனால் மொத்தத்தையும் வழித்துவிடாது. குளித்த பிறகும் தோலில் ஒரு மினுமினுப்பு நிற்கிறதே, அது சரியாகத் தேய்க்காததால் அல்ல. நிற்க வேண்டியதுதான் நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. கைக்குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். மூச்சோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். பாட்டி சொன்னார் என்பதற்காக எல்லாமே சரியாகிவிடாது. என் பாட்டியும் சேர்த்துத்தான்.

வாய்க்கு வருகிறேன். நாக்கின் மேல் மயிரிழை போன்ற நுண்ணிய மேடுகள் உண்டு. அவற்றுக்கிடையே தங்கும் பாக்டீரியாக்கள் கந்தக வாயுக்களை விடுகின்றன, காலை வாடை பெரும்பாலும் அதுதான். நாக்கு வழிப்பானை உள்ளிருந்து வெளியே மூன்று நான்கு முறை இழுத்தால் தீர்ந்தது. கண்ணில் தண்ணீர் வர, ஊரே கேட்க ஓங்கரிக்க வேண்டியதில்லை. ரத்தம் கசிந்தால் சுத்தம் அல்ல, புண்.

எண்ணெய் கொப்பளித்தல் பற்றியும் கேட்பீர்கள். செய்யலாம், பல் துலக்குவதற்குப் பதிலாக அல்ல. துப்பும்போது எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கும், 'பார்த்தீர்களா நஞ்சு' என்பார்கள். எண்ணெயும் எச்சிலும் நுரைத்துக் கலந்தால் அப்படித்தான் வெளுக்கும், நஞ்சுமில்லை ஒன்றுமில்லை. துப்புவதை வாஷ்பேசினில் துப்பாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அடைத்தது.

மூக்கு விஷயத்தில்தான் நான் நன்றாகப் பட்டேன். யோகா வகுப்பில் ஜலநேத்தி, அதாவது மூக்கைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதை, பார்த்துவிட்டு வந்து, மறுநாள் குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் ஊற்றினேன். நெற்றிப்பொட்டு வரை தீப்பிடித்தது. காரணம், தண்ணீரில் உப்பு இல்லாததுதான். நம் உடல் நீர்மத்தோடு ஒத்துப்போக லிட்டருக்கு 9 கிராம் உப்பு வேண்டும், வெறும் தண்ணீர் மூக்கின் மெல்லிய சவ்வை எரிக்கும். எரிச்சலோடு போனது என் அதிர்ஷ்டம். 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரில் நேத்தி செய்த இரண்டு பேர், மூளையைத் தின்னும் அமீபா தாக்கி இறந்திருக்கிறார்கள். அதே தண்ணீரைக் குடித்தால் அந்த அமீபா ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாகத்தான் அதற்குப் பாதை. ஆகவே கொதித்து ஆறிய தண்ணீர், அளந்த உப்பு, கழுவிக் காயவைத்த நேத்திச் சொம்பு. இவை மூன்றும் இல்லாத நாளில் நேத்தியும் இல்லை.

காதுக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம். குறும்பி தானே வெளியே நகர்ந்து வரும். பட்ஸ் விட்டால் உள்ளேதான் போகும்.

கடைசியாக ஒன்று. எண்ணெய்க் குளியலால் உடனடியாக வரும் ஆபத்து தரையில்தான் இருக்கிறது. என் அம்மா குளித்து முடித்ததும் மிச்சச் சீயக்காயைத் தரையில் கொட்டி, விளக்குமாறால் தேய்த்து, வெந்நீர் ஊற்றிவிட்டு, காலால் ஒருமுறை வழுக்கிப் பார்த்த பிறகுதான் கதவைத் திறப்பார். அடுத்துக் குளிக்கப் போவது பாட்டி.