போக 8 மணி நேரம், வர 7 மணி நேரம்

[திரையில்: லண்டன்–நியூயார்க் டிக்கெட்]

இந்த டிக்கெட்டைப் பாருங்கள். லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய 8 மணி நேரம். திரும்பி வர 7 மணி நேரம்தான். தூரம் மாறவில்லை. அப்படியானால் அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது?

முதலில் தூரம். சுமார் 5,550 கிலோமீட்டர்.

[திரையில்: உலக உருண்டை, ஒரு நூல்]

நூலின் ஒரு முனையை லண்டன் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை நியூயார்க் வரை இறுக்கி இழுங்கள். நூல் அயர்லாந்தைத் தாண்டி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து வழியாக இறங்கும். இதுதான் குறுக்கு வழி. தட்டையான வரைபடத்தில் இதே கோடு வடக்கே வளைந்து, வீணாகச் சுற்றுகிற மாதிரி தெரியும். தப்பு வரைபடத்தின் மேல்தான்.

சரி, நேரத்துக்கு வருவோம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் 6 மணி 10 நிமிடம். ஆனால் அந்த 900, சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால்?

நகரத்தான் செய்கிறது. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்றாறு அது, பெயர் ஜெட் ஸ்ட்ரீம். ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வசபுரோ ஓய்ஷி 1920களிலேயே பலூன் விட்டு அதைக் கண்டுபிடித்தார். உலகமே படிக்கட்டும் என்று, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்க உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். பாவம், அதனாலேயே படித்தவர்கள் குறைவு.

[திரையில்: கணக்கு]

காற்று 150 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறது என்போம். லண்டனுக்கு வரும்போது 1,050. 5 மணி 17 நிமிடம். நியூயார்க் போகும்போது 750. 7 மணி 24 நிமிடம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 12 மணி 41 நிமிடம். காற்றே இல்லையென்றால் 12 மணி 20 நிமிடம்தான். போகும்போது இழந்ததை வரும்போது காற்று முழுசாகத் திருப்பித் தருவதில்லை, ஏனென்றால் எதிர்காற்றில் நீங்கள் அதிக நேரம் சிக்கியிருக்கிறீர்கள்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் இதைவிடக் கூடுதல். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் வாசலுக்கு வந்து சேர்வது எல்லாம் அதில் அடக்கம்.

2020 பிப்ரவரியில் புயல் தள்ளிய ஒரு போயிங் 747, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. தரைக்கணக்கில் வேகம் மணிக்கு 1,290 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியின் வேகத்தைக் கடந்துவிட்டதா என்றால், இல்லை. அதைச் சுற்றியிருந்த காற்றும் கூடவே ஓடியதே!

காற்றுக்கு இவ்வளவு பலம் இருப்பதால்தான், அதை எதிர்த்து மேற்கே போகும் விமானங்கள் பல நாட்களில் அந்த நூல் காட்டிய வழியை விட்டுவிடுகின்றன. காற்றாற்றை ஒதுக்கிக் கூடுதல் தூரம் பறந்து, சீக்கிரம் போய்ச் சேருகின்றன.